நல்லூரின் சிறுபிள்ளை வாரிசு

நல்லூர் முத்திரைச்சந்தியால் போகும்போதெல்லாம் குதிரைமேல் வாளோடு இருக்கும் சங்கிலியன் சிலையைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எகிப்திய அரச குடும்பங்களைப் பற்றிப் படித்த பின்னர்தான், அவன் எப்படி அரசனானான் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது.

எகிப்தில் தந்தைக்குப் பின் மகன் ஆள்வதே வழமை. பட்டத்தரசிக்கு ஆண்பிள்ளை இல்லையென்றால் மற்றொரு மனைவியின் மகனும் முடிசூடலாம். கி.மு. 1479 அளவில் இரண்டாம் துட்மோஸ் இறந்தபோது, இசெட் என்பவள் பெற்ற மூன்றாம் துட்மோஸ் சிறுபிள்ளை. பட்டத்தரசி ஹட்செப்சுட் அவனுக்காக ஆட்சியைப் பொறுப்பேற்றாள். சில ஆண்டுகளில் தானே பார்வோனாக முடிசூடிக்கொண்டாள். ஆனாலும் பிள்ளை உயிரோடு வளர்ந்தான். அவளுக்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தனித்து ஆண்டான். (அவளுடைய பெயர் பிற்பாடு கல்லிலிருந்து செதுக்கி அழிக்கப்பட்டது வேறு கதை!)

இனி நம் நல்லூர். ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பட்டப்பெயர்களை மாறி மாறிச் சூடினார்கள். பெயரில் இருந்த ஒழுங்கு வாரிசுரிமையில் இருக்கவில்லை. 1591 இல் போர்த்துக்கேயர் படையெடுத்து வந்து எதிர்மன்னசிங்கனை அரசனாக்கினர். அன்றிலிருந்து சிம்மாசனத்துக்கு அரச இரத்தம் மட்டும் போதவில்லை, போர்த்துக்கேயரின் சம்மதமும் வேண்டியிருந்தது.

எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவன் மகனும் பராயமடையாதவன். பிள்ளைக்குக் காவலாக நின்றவன் அரசகேசரி. 1617 இல் அரச குடும்பத்தவனான சங்கிலிகுமாரன் அரசகேசரியைக் கொன்று அதிகாரத்தைக் கைப்பற்றினான். அப்போதும் தன்னை அரசன் என்று அறிவிக்காமல், பிள்ளையின் காவலன் என்றே போர்த்துக்கேயரிடம் அங்கீகாரம் கேட்டான்.

எத்தீம் பிள்ளையின் சொத்தைப் பார்த்துக்கொள்பவர், பிள்ளை பராயமடைந்ததும் அதை ஒப்படைக்க வேண்டும் என்று சிறுவயதிலேயே மதரசாவில் படித்திருக்கிறோம். ஒரு காணித்துண்டுக்கு உள்ள அந்தக் கணக்கை இராச்சியத்துக்குக் கேட்க நல்லூரில் யார் இருந்தார்கள்?

சங்கிலிகுமாரன் போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றதை நான் மறுக்கவில்லை. தனக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தபோது தஞ்சாவூர் நாயக்கரிடம் படையுதவி பெற்றான். 1619 இல் பிலிப் டி ஒலிவேரா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினான். சங்கிலிகுமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். அரச குடும்பத்தில் எஞ்சியவர்கள் கிறிஸ்தவத் துறவு மடங்களில் சேரத் தூண்டப்பட்டனர், பெரும்பாலோர் சேர்ந்தும் விட்டனர். துறவிகளுக்குப் பிள்ளைகள் இல்லை. நல்லூர்ச் சிம்மாசனத்துக்கு உரிமை கேட்கக்கூடிய வாரிசுகள் இப்படி அருகிப்போனார்கள்.