தேய்ந்த பிரேக்கை அறிதலும் மாற்றுதலும்

ஐதராபாத் மாநகரின் வடமேற்கிலுள்ள பாலாநகர், பட்டறைகளும் தொழிற்கூடங்களும் செறிந்த பகுதியாகும். இந்திய அரசினர் 1968 ஆம் ஆண்டில் நிறுவிய மத்திய கருவி வடிவமைப்பு நிலையம் இங்கேயே அமைந்துள்ளது. இரும்புத் தகடுகளையும் வார்ப்புகளையும் இயந்திர உறுப்புகளையும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் இவ்வட்டாரத்தில் நாள் முழுவதும் வந்து போகின்றன. பட்டறைக்குப் பட்டறை நின்று செல்லும் இத்தகைய வண்டியில், நெடுஞ்சாலையில் தடையின்றி ஓடும் வண்டியைக் காட்டிலும் பிரேக் மிக விரைவில் தேய்கிறது. ஆதலின், இத்தனை கிலோமீட்டர் ஓடியபின் மாற்றுக என்னும் பொது விதியை மட்டும் நம்பியிருத்தல் தகாது. தேய்வை அளந்தே அறிதல் வேண்டும்.

பிரேக் தேய்வது ஏன்? ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் முழுவதையும் உராய்வினால் வெப்பமாக மாற்றுவதே அதன் பணி. 2,000 கிலோகிராம் எடையுள்ள பிக்கப் வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 2,78,000 ஜூல். சாதாரண வெப்பநிலையிலுள்ள சுமார் ஒரு லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். அவ்வளவு வெப்பமும் சில வினாடிகளில் நான்கு சக்கரங்களின் பிரேக் உறுப்புகளில் தோன்றுகிறது. வேகம் 80 கிலோமீட்டராயின் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்காகும். ஒரு டன் சரக்கு ஏற்றினால், அதே வேகத்தில் ஒன்றரை மடங்காகும்.

பெரும்பாலான பிக்கப் வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கும் உள்ளன. டிஸ்க்கை இருபுறமும் பேட்கள் இறுக்குகின்றன; டிரம்மை உள்ளிருந்து ஷூக்கள் அழுத்துகின்றன. பேட்டிலும் ஷூவிலும் ஒட்டப்பட்ட அல்லது தறையப்பட்ட லைனிங் என்னும் உராய்வுப் பொருளே தேய்வதற்கென அமைந்தது.

தேய்வு முன்னறிவிப்பின்றி நேர்வதன்று. பல பேட்களில் சிறிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். லைனிங் மெலிந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சொலி எழுப்பும். மழை பெய்த மறுநாட் காலையில் கேட்கும் உரசல் ஒலி பெரும்பாலும் டிஸ்க்கில் படிந்த துருவினால் உண்டாவது. சிலமுறை பிரேக் பிடித்தபின் அது மறைந்துவிடும். மறையாத கீச்சொலியே கவனத்திற்குரியது. கரகரவென்று அரைக்கும் ஒலி எழுந்தால் லைனிங் முற்றும் அழிந்து, இரும்பு இரும்பைத் தின்கிறது என்று கொள்ளலாம். வண்டி ஒரு பக்கம் இழுத்தல், மிதி வழக்கத்தினும் ஆழமாக இறங்குதல், கைப்பிரேக் நெம்புகோல் மிக மேலே வந்தபின்னரே பிடித்தல் ஆகியவையும் ஆராயத்தக்க குறிகள். நாள்தோறும் அதே வண்டியை ஓட்டுபவர் மெல்ல நேரும் மாறுதலுக்குப் பழகிவிடுவார். புதிதாக ஓட்டுபவரே அதனை முதலில் உணர்வதுண்டு.

பலரும் தவறாகக் கொள்ளும் சான்று ஒன்றுண்டு. பேட் மெலிய மெலியப் பிஸ்டன் வெளியே நகர்ந்து நிற்கும். அதன் பின்னுள்ள இடத்தைப் பிரேக் திரவம் நிரப்பும். எனவே மேலுள்ள கலத்தில் திரவ மட்டம் சிறுகச் சிறுகத் தாழ்கிறது. மட்டம் தாழ்ந்ததைக் கண்டவுடன் பேட்டைப் பாராமலே திரவத்தை ஊற்றி நிரப்புதல் சாட்சியைக் கலைப்பதற்கு ஒப்பாகும். எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கும் பின்னர் எரியாது. மட்டம் திடீரெனத் தாழ்ந்தாலோ, எங்கேனும் கசிவு உள்ளது, அவ்வண்டியை ஓட்டலாகாது.

அளக்கும்போது லைனிங்கை மட்டும் அளக்க வேண்டும். அதனைத் தாங்கும் எஃகுத் தகட்டின் கனத்தையும் சேர்த்தளப்பது வழக்கமான பிழை. புதிய பேட்டில் லைனிங் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மாற்றிவிடுதல் நன்று. முடிவான அளவு வண்டியின் கைந்நூலில் கூறப்பட்டதே. சக்கரத்தின் இடைவெளி வழியே தெரிவது வெளிப்புறப் பேட் மட்டுமே. வழுக்குத் தண்டு இறுகிப்போயிருந்தால் உட்புறப் பேட் அதனினும் விரைவில் தேய்ந்திருக்கும். தறையப்பட்ட ஷூவில் தறையாணியின் தலைக்கு மேலுள்ள கனமே கணக்கு. டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனமும் டிரம்மின் மிகுதியான உள்விட்டமும் பெரும்பாலும் அவற்றின் மீதே பொறிக்கப்பட்டிருக்கும். தேய்ந்த டிஸ்க்கின் விளிம்பில் தேயாத வரப்பு ஒன்று எஞ்சி நிற்கும். வெர்னியர் அளவி அவ்வரப்பின்மேல் அமர்ந்து, உள்ளதைவிட மிகுந்த அளவைக் காட்டும். மைக்ரோமீட்டரைக் கொண்டு வரப்பிற்கு உட்புறம் பல இடங்களில் அளப்பதே முறை.

மாற்றும்போது வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஏனைய சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். நட்டுகளைச் சிறிது தளர்த்தியபின் ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் இருத்துக. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லுதல் உயிருக்கே கேடாகும். கழற்றிய காலிப்பரை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாது கம்பியால் கட்டிவைக்க வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளுமுன் கலத்திலுள்ள மிகுதித் திரவத்தை எடுத்துவிடுக. வழிந்தால் வண்ணப்பூச்சைக் கெடுக்கும். டிரம் பிரேக்கில் ஒரு பக்கத்தை முடித்தபின்னரே மறுபக்கத்தைப் பிரித்தால், பிரிக்காத பக்கம் சுருள்வில்களின் அமைப்பிற்கு மாதிரியாக உதவும். ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே லைனிங் மாற்ற வேண்டும். எண்ணெய் பட்ட லைனிங்கைக் கழுவிப் பயன்படுத்தலாகாது.

உள்ளே படிந்த தூளை வாயாலோ காற்றழுத்தத்தாலோ ஊதுவது பட்டறைகளில் காணப்படும் வழக்கம். இதனைக் கைவிட வேண்டும். பழைய லைனிங்குகள் பலவற்றில் கல்நார் கலந்திருந்தது. அதன் இழை நுரையீரலிற் படிந்து, பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோய் விளைவிக்க வல்லது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டு மூடுதல் தக்கது.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துமுன் மிதியைப் பன்முறை அழுத்த வேண்டும். பிஸ்டன் பின்னே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதிப்பில் பிரேக் பிடிக்காது. இதை மறந்து வண்டியைக் கிளப்பியவர் சுவரில் மோதியே நிற்க நேரும். மிதி பஞ்சுபோல் மெத்தென்றிருந்தால் குழாயில் காற்று புகுந்துள்ளது. அதை வெளியேற்றாமல் ஓட்டலாகாது. பின்னர்ச் சரக்கின்றி, மிதமான வேகத்தில் சிலமுறை மென்மையாக நிறுத்திப் புதிய லைனிங்கைப் படியவைக்க வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதில் விளக்கலாம். ஊசி நீக்கிய சிறிய சிரிஞ்சு ஒன்றையும் பெரிய சிரிஞ்சு ஒன்றையும் நீர் நிரம்பிய குழாயால் இணைத்துச் சிறியதை அழுத்தினால், பெரியது மிகுந்த விசையுடன், ஆனால் குறைந்த தூரம் நகரும். இதுவே பாஸ்கல் விதி. அக்குழாயில் சிறிது காற்றைப் புகவிட்டு மீண்டும் அழுத்தச் செய்தால், மெத்தென்ற மிதியின் காரணம் மாணவருக்குக் கைகளிலேயே புலனாகும்.

அலுவலக வண்டியின் பதிவேட்டில் எரிபொருட் கணக்குடன் லைனிங்கின் கனத்தையும் குறித்து வருவது பயன்தரும். சான்றாக, 9 மில்லிமீட்டராக இருந்த லைனிங் 8,000 கிலோமீட்டர் ஓடியபின் 7 மில்லிமீட்டராயின், அதே பயன்பாட்டில் 3 மில்லிமீட்டரை எட்ட இன்னும் 16,000 கிலோமீட்டர் ஆகும். மழைக்காலச் சேற்றுப் பாதைகளும் மலைச்சாலைகளும் இடையே வருமாயின் அக்கணக்கிற்கு முன்னரே மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும்.