படகு ஏன் 'டிக் டிக்' என்கிறது?

செபராங் ஜெயா மாணவர்களுக்குப் பிறை ஆறு புதிதல்ல. அதன் கரையிலும், தெற்கே கோலா ஜூருவிலும் அவுட்போர்டு இஞ்சின் பூட்டிய படகுகளைப் பார்த்திருப்பீர்கள். சிறிய இஞ்சினைக் கயிற்றை இழுத்தே கிளப்பிவிடலாம். பெரியதற்குச் சாவியைத் திருப்ப வேண்டும். திருப்பியும் இஞ்சின் சுற்றாமல் 'டிக், டிக்' என்ற ஓசை மட்டும் வந்தால்?

எனக்குத் தெரிந்த படகுக்காரர் ஒருவருக்கு இதே தொல்லை. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கினார். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு மறுபடியும் டிக் டிக். இன்னொரு பேட்டரி, மீண்டும் அதே கதை. கரையில் என்றால் இது வெறும் செலவு. நீரிணையின் நடுவில், விடியற்காலையில் சுமத்ரா காற்று கிளம்பும் நேரத்தில் நடந்தால் உயிருக்கே ஆபத்து. இஞ்சின் ஓடாத படகை அலைக்கு நேராகத் திருப்பிப் பிடிக்க முடியாது.

குற்றம் பேட்டரியில் இல்லை. எங்கே என்று கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம்.

ஸ்டார்ட்டர் என்பது ஒரு மின்மோட்டார். ஓரிரு விநாடிகளுக்கு மட்டும் பெரும் மின்னோட்டத்தை இழுத்து இஞ்சினைச் சுழற்றிவிட்டு ஓய்ந்துவிடும். 1912 கேடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன்பு கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மின்மோட்டார் பொருத்தியவர். அங்கும் தேவைப்பட்டது ஒரு நொடி வேகம்தான். பத்து விநாடிக்கு மேல் சாவியைத் திருகிப் பிடித்தால் ஸ்டார்ட்டர் சூடேறிக் கெடுவது இதனால்தான்.

இனி எண்கள். பேட்டரியின் மின்னியக்கு விசை 12.6 வோல்ட். அதன் அகத்தடை 0.01 ஓம் என்று கொள்வோம். ஐந்தாம் படிவ இயற்பியலில் 'ரிந்தாங்கான் டாலாம்' என்று படிப்பீர்களே, அதுதான். ஸ்டார்ட்டரின் தடை 0.06 ஓம். (சுழலும் மோட்டாரின் தடை மாறிக்கொண்டே இருக்கும், கணக்குக்காக ஒரே எண்ணாக வைக்கிறோம்.) மொத்தம் 0.07 ஓம். மின்னோட்டம் 12.6 ÷ 0.07 = 180 ஆம்பியர். ஸ்டார்ட்டருக்குக் கிடைப்பது 180 × 0.06 = 10.8 வோல்ட். இஞ்சின் உடனே கிளம்பும்.

இப்போது பேட்டரி முனையைப் பற்றியிருக்கும் கிளாம்ப்பில் பச்சைத் தூள் படிகிறது. கடலுப்பும் ஈரமும் செம்பைத் தின்பதால் வரும் தூள் இது. இணைப்பில் 0.02 ஓம் தடை கூடிவிட்டது என்போம். மொத்தம் 0.09 ஓம், மின்னோட்டம் 140 ஆம்பியர், ஸ்டார்ட்டருக்கு 8.4 வோல்ட்தான். திறனைப் பார்த்தால் 1944 வாட் இருந்தது 1176 ஆகிறது. அந்தச் சின்ன இணைப்பு மட்டும் 392 வாட்டை வெப்பமாக வீணாக்குகிறது. தொட்டால் சுடும்.

அதே படகின் விளக்கு மட்டும் நன்றாக எரியும். 1 ஆம்பியர் விளக்குக்கு அந்த இணைப்பில் இழப்பு 0.02 வோல்ட்தான். 'விளக்கு எரிகிறது, ஆகவே ஒயர் நல்லது' என்ற முடிவு தவறுவது இங்கேதான்.

புதுப் பேட்டரி ஏன் இரண்டு மாதம் தாங்கியது? அதன் அகத்தடை குறைவு, 0.005 ஓம் என்போம். மொத்தம் 0.085 ஓம்; ஸ்டார்ட்டருக்கு ஏறத்தாழ 8.9 வோல்ட். அரை வோல்ட் கூடியதில் இஞ்சின் எப்படியோ கிளம்பிவிட்டது. பச்சைத் தூளோ வளர்ந்துகொண்டே இருந்தது.

டிக் ஓசைக்கும் இதுவே காரணம். சாவியைத் திருப்பினால் சாலினாய்டு என்ற மின்காந்தம் ஓர் இரும்புத் தண்டை இழுத்துப் பெரிய சுவிட்சை மூடுகிறது. மூடியதும் ஸ்டார்ட்டர் பெருமளவு மின்னோட்டத்தை இழுக்க, அழுத்தம் சரிகிறது. காந்தம் பிடி தளர்ந்து தண்டை விடுகிறது. அழுத்தம் மீள்கிறது, மீண்டும் இழுக்கிறது. ஓசையே இல்லை என்றால் முதலில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். பல இஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகவே ஆகா.

கண்டுபிடிக்க மல்டிமீட்டர் போதும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் காம்பிலும், மறுமுனையை அதைப் பற்றிய கிளாம்ப்பிலும் வைத்து, சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல இணைப்பில் சுழியத்தை ஒட்டியே காட்டும். சாவியைத் திருப்பாமல் அளந்தால் எந்த இணைப்பும் நல்லதாகவே தெரியும். பிறகு நெகட்டிவ் காம்புக்கும் இஞ்சின் உடலுக்கும் இடையே அளவுங்கள். பலரும் மறப்பது இந்தப் பக்கம்தான். நம் படகுக்காரரின் பழுதும் அங்கேதான் இருந்தது. கிளாம்ப்பைச் சுரண்டியதோடு விடாமல், உறைக்குள் கறுத்துப்போன ஒயர் நுனியையும் வெட்டி, வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டார்கள்.

கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றி, மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். பேட்டரி ஹைட்ரஜனை வெளிவிடும். படகின் அடியில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கலாம். ஒரு பொறி போதும்.

பயிற்சி: புதுப் பேட்டரிதான் (0.005 ஓம்). ஆனால் இணைப்பின் தடை 0.03 ஓம் ஆகிவிட்டது. ஸ்டார்ட்டருக்கு எத்தனை வோல்ட்?

விடை: 12.6 ÷ 0.095 = ஏறத்தாழ 132.6 ஆம்பியர், 132.6 × 0.06 = ஏறத்தாழ 8 வோல்ட். பழைய பேட்டரியும் சுத்தமான இணைப்பும் தந்தது 10.8.