கணிப்பொறிக்கு இடும் கட்டளை

ஒரே வேலையை நாள்தோறும் செய்தால் நமக்குச் சலிப்பு வருகிறது. சலிப்பு வந்தால் பிழையும் வருகிறது. கணிப்பொறிக்கோ சலிப்பு கிடையாது. செய்ய வேண்டியவற்றை வரிசையாக ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அவற்றை அப்படியே செய்து முடிக்கும். இத்தகைய கட்டளைத் தொகுப்பே 'ஸ்கிரிப்ட்' எனப்படும்.

1969ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 'யூனிக்ஸ்' என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே வேலை வாங்கினர். இன்றைய லினக்ஸ் கணிப்பொறிகளிலும் அம்முறை வழக்கில் உள்ளது. வட்டில் எவ்வளவு இடம் மீதி என்று அறிய 'டிஎஃப்', பல கோப்புகளை ஒரே கட்டாகக் கட்ட 'டார்', படியெடுக்க 'சிபி', நீக்க 'ஆர்எம்'.

பள்ளி அலுவலகத்தின் மதிப்பெண் பட்டியல்களை வாரந்தோறும் பாதுகாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஸ்கிரிப்டின் முதல் வரி இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டாம் வரி பட்டியல்களைக் கட்டும். மூன்றாம் வரி அக்கட்டை வேறொரு வட்டில் படியெடுக்கும். நான்காம் வரி தேதியைக் குறித்து வைக்கும். இதை இயக்கும் பொறுப்பைக் 'கிரான்' என்னும் நிரலிடம் ஒப்படைக்கலாம். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து குறிப்புகளைத் தர வேண்டும். '0 18 * * 5' என்றால் வெள்ளிதோறும் மாலை 6 மணி. அப்போது கணிப்பொறி இயங்கிக்கொண்டிருந்தால் போதும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. கணிப்பொறி நாம் எண்ணியதைச் செய்யாது, எழுதியதையே செய்யும். 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படம் உருவாகி வந்தபோது, தவறாக இட்ட ஒரு 'ஆர்எம்' கட்டளை படத்தின் கோப்புகளை அழிக்கத் தொடங்கியது. காப்புப் படிகளும் சரியாக இல்லை என்பது பிறகே தெரிந்தது. கைக்குழந்தையுடன் வீட்டிலிருந்தே பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் பெண்மணியின் வீட்டுக் கணிப்பொறியில் ஒரு படி இருந்தது. பலருடைய உழைப்பு அதனால் பிழைத்தது.

ஆகவே, நீக்கும் கட்டளைக்கு முன் 'எக்கோ' என்ற சொல்லைச் சேர்த்து இயக்குவோம். அப்போது எதுவும் அழியாது. எவை அழியும் என்பது மட்டும் திரையில் தெரியும். படிகளில் ஒன்றை வேறிடத்தில் வைப்போம். மாதம் ஒருமுறை அதைத் திறந்தும் பார்ப்போம்.

சலிப்பான வேலையைக் கணிப்பொறியிடம் விடலாம். பொறுப்பை விட முடியாது. பிறர் உழைப்பு நம் கையில் இருக்கும்போது, ஒருமுறைக்கு இருமுறை பார்ப்பதும் அன்பின் செயலே.