விருப்பக்குறியும் நாணற்பேனாவும்

சித்திரப் பாடம் கற்பிக்கும் என்னிடம் மாணவிகள் கேட்கும் கேள்விகள் அண்மைக் காலத்தில் மாறிவிட்டன. முன்பெல்லாம் நிழல் எந்தப் பக்கம் விழும், எந்தத் தாளில் நீர்வர்ணம் பரவாது என்று கேட்பார்கள். இப்போது, "டீச்சர், என்ன வரைந்தால் இன்ஸ்டகிராமில் கூடப் போகும்?" என்கிறார்கள். கேள்வியில் பிழையில்லை. உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தபடியே அரபு எழுத்தணி எழுதிச் சட்டமிட்டு விற்கிறார்கள். மெஹந்தி, கைவேலை வாழ்த்து அட்டை, கேக் அலங்காரம் என்று வேறு பலரும் இருக்கிறார்கள். கண்ணியமான உழைப்பு அது. ஆனால் 'கூடப் போவது' என்றால் என்ன, அதைத் தீர்மானிப்பது யார் என்பதைக் கொஞ்சம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்ஸ்டகிராம் 2010ஆம் ஆண்டு தொடங்கியபோது படங்கள் பதிவான நேர வரிசையிலேயே தோன்றின. 2016இல் அந்த ஒழுங்கு மாறியது. ஒருவர் எதில் தங்கி நிற்பார் என்று கணித்து, அதை முதலில் காட்டும் முறை வந்தது. 2022இல் சிறு காணொளிகளுக்கு அதிக இடம் கொடுத்தபோது, படங்களை மட்டும் பகிர்ந்துவந்த கலைஞர்கள் தங்களை யாரும் காண்பதில்லை என்று முறைப்பட்டார்கள். எதிர்ப்பு வலுக்கவே நிறுவனம் சில மாற்றங்களைக் கைவிட்டது. அந்த ஓவியர்களின் கை ஒரே இரவில் கெட்டுப்போய்விட்டதா? இல்லையே. அளக்கிற கோல் மாறியது, அவ்வளவுதான். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை மறைத்துப் பார்க்கும் பரிசோதனையை இதே நிறுவனம் 2019இல் சில நாடுகளில் நடத்தியது. 2021இலிருந்து விரும்பியவர்கள் அதை மறைத்துக்கொள்ளலாம். எண்களைக் காட்டுகிறவர்களுக்கே அவற்றின் மீது ஐயம் வந்திருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

எழுத்தணிக் காணொளிகள் சிலவற்றைப் பார்த்தேன். மையை ஊற்றுவதும் பொன் தூள் தூவுவதும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஒரு காணொளியில் எழுத்தின் மேல் இருக்க வேண்டிய புள்ளி ஒன்று விடுபட்டிருந்தது. அரபு எழுத்தில் ஒரு புள்ளி போனால் சொல்லே வேறாகிவிடும். கீழே நூற்றுக்கணக்கான பாராட்டுகள்; அவற்றில் நான் வாசித்தவரை யாரும் புள்ளியைப் பற்றிப் பேசவில்லை. விருப்பக்குறி எதை அளக்கிறது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவைப்படவில்லை.

புள்ளி இந்தக் கலையில் சிறிய விடயமும் அல்ல. 10ஆம் நூற்றாண்டில் பக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லா, நாணற்பேனாவின் நுனி பதிக்கும் சாய்சதுரப் புள்ளியை அளவாகக் கொண்டு எழுத்துகளின் விகிதத்தை வகுத்தார் என்று கலை வரலாறு சொல்கிறது. பின்னர் உஸ்மானியர் காலத்தில் இந்தக் கலையைக் கற்பிக்க ஓர் ஒழுங்கு நிலைத்தது. மாணவர் எழுதிக் கொண்டுவருவார். ஆசான் அதைத் திருத்திக் கொடுப்பார். மாணவர் மறுபடியும் எழுதுவார். இது ஆண்டுக்கணக்கில் நடக்கும். ஆசான் இஜாஸா வழங்கும்வரை மாணவர் தம் எழுத்தின் கீழ் கையொப்பமிடுவதில்லை. இன்று முதல் நாளே கணக்குத் திறந்து, பெயர் வைத்து, சின்னமும் வடிவமைத்துவிட்டுப் பிறகு பேனாவைத் தேடுகிறோம்!

அது பழங்காலக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். அமெரிக்கரான முஹம்மத் ஸகரிய்யா 1942இல் பிறந்தவர். பழைய வானியற் கருவிகளின் மாதிரிகளைச் செய்யும் தொழிலும் தெரிந்தவர். பல ஆண்டுகள் தாமாகவே எழுத்தணி பழகியிருந்த அவர், 1984 முதல் இஸ்தான்புல் ஆசான் ஹஸன் செலெபியிடம் மீண்டும் மாணவரானார். நாற்பதைக் கடந்த வயதில், பெரும்பாலும் தபால் மூலம் நடந்த படிப்பு அது. எழுதிய தாள் கடல் கடந்து போய், திருத்தத்தோடு திரும்பி வரவேண்டும். 1988இல் இஜாஸா கிடைத்தது. 2001 செப்டம்பர் 1ஆம் திகதி அமெரிக்கத் தபால் திணைக்களம் வெளியிட்ட 34 சதம் பெறுமதியான பெருநாள் முத்திரையில், நீலப் பின்னணியில் பொன்னிறமாக இருப்பது அவருடைய எழுத்துத்தான். அந்த முத்திரையை ஒட்டியவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவரின் பெயர் தெரிந்திருக்கும்? அவருடைய எழுத்து வீடு வீடாகப் போனது.

இதைச் சொன்னதும் "நோக்கம் இருந்தால் போதும், பிரபலம் வேண்டாம்" என்று நான் உபதேசிப்பதாக நினைத்துவிடாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் வழக்கமாக வின்சென்ட் வான் கோவைத் துணைக்கு அழைப்பார்கள். உயிரோடிருக்கும்போது அவருடைய ஓவியங்கள் பெரும்பாலும் விற்கவில்லை, ஆனாலும் வரைந்தார் என்பார்கள். உண்மைதான். ஆனால் வர்ணமும் துணியும் வாங்க மாதாமாதம் பணம் அனுப்பியவர் தம்பி தேயோ. விற்காத கலைக்கும் யாரோ ஒருவர் செலவு செய்கிறார். நம் வீடுகளில் அது பெரும்பாலும் வாப்பாவாகவோ உம்மாவாகவோ இருக்கும்.

வான் கோ 1890இல் இறந்தார். அடுத்த ஆண்டே தேயோவும் இறந்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்களும் ஒரு கைக்குழந்தையும் தேயோவின் இளம் மனைவி ஜோஹன்னாவிடம் எஞ்சின. ஓவியங்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடும்படி சொன்னவர்கள் இருந்தார்கள். அவர் செய்யவில்லை. நெதர்லாந்தின் புஸ்ஸும் என்ற ஊரில் தங்குவிடுதி நடத்தி, மொழிபெயர்ப்பு வேலையும் செய்து குடும்பத்தைக் காத்தார். ஓவியங்களைக் கண்காட்சிகளுக்கு இரவல் கொடுத்தார். சிலவற்றை விற்றார், சிலவற்றை விற்க மறுத்தார். வின்சென்ட் தம்பிக்கு எழுதிய கடிதங்களை ஒழுங்குபடுத்தி 1914இல் நூலாக வெளியிட்டார். அந்தக் கடிதங்களை வாசித்தவர்கள் ஓவியங்களை வேறு கண்ணோடு பார்த்தார்கள். 1924இல் சூரியகாந்தி ஓவியங்களில் ஒன்றை மிகுந்த தயக்கத்தோடு இலண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு விற்றார். அது அங்கிருந்தால் பலர் காண்பார்கள் என்பதே அவர் கணக்கு. பிரபலத்தை அவர் வெறுக்கவில்லை. எதற்காக, யாரிடம், எப்போது என்று முடிவெடுக்கும் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டார். வான் கோவைப் பற்றிப் பேசும் மேடைகளில் இந்தப் பெண்ணின் பெயர் அரிதாகவே கேட்கிறது என்பது என் தனிப்பட்ட குறை.

எவ்வளவு பேர் போதும் என்பதற்கு ஒரு கணக்கும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெலி 2008இல் எழுதிய கட்டுரையொன்றில், ஆண்டுக்கு 100 டொலர் செலவழிக்கும் 1000 உண்மையான ஆதரவாளர்கள் இருந்தால் ஒரு கலைஞர் வாழலாம் என்றார். இலட்சம் பேர் தேவையில்லை என்ற அளவில் இது ஆறுதலான கணக்கு. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஆயிரமும் அதிகம். நிக்காஹ் வீடுகளுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும் ஒருத்திக்கு ஆண்டுக்கு நாற்பது நல்ல வாடிக்கையாளர்கள் கிடைத்தால் கையே ஓயாது.

ஆனால் விலையைச் சரியாகக் கணக்கிட வேண்டும். ஒரு பேச்சுக்கு, தாள், மை, சட்டம் எல்லாம் சேர்த்து 1,800 ரூபா. வேலை எட்டு மணி நேரம். அதை 2,500 ரூபாவுக்குக் கொடுத்தால் மிஞ்சுவது 700. மணிக்கு 90 ரூபாகூட இல்லை. படத்துக்கு இரண்டாயிரம் விருப்பக்குறி விழுந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விலையைக் கூட்டினால் குறைந்துபோவார்கள் என்று பயப்படும் பிள்ளைகள், குறைவது வாங்குகிறவர்களா, பார்க்கிறவர்களா என்று கவனிக்கட்டும்.

ஆயத்து எழுதினால், விற்பதற்கு முன் அரபு ஆசிரியையிடம் காட்டுங்கள். பிறருடைய வடிவத்தைப் பார்த்து எழுதியதைப் பயிற்சித் தாளாக வைத்துக்கொள்ளுங்கள், விலைக்கு விடவேண்டாம். கொடுக்கல் வாங்கல் பெற்றோரின் தொலைபேசி இலக்கத்திலும் வங்கிக் கணக்கிலும் நடக்கட்டும். உம்மாமாரே, பிள்ளையிடம் இந்த வாரம் எத்தனை விற்றது என்று கேட்பதோடு, எந்த எழுத்து இன்னும் கைக்கு வரவில்லை என்றும் கேளுங்கள். என் மாணவிகளில் பலருக்கு 'ஹா' வரவில்லை. அதற்கு அடுத்த தவணையில் சனிக்கிழமை வகுப்பு வைக்க எண்ணியிருக்கிறேன். நாணற்பேனாவை நீங்களே சீவிக் கொண்டுவர வேண்டும்.