கை நரம்புப் பரிசோதனையில் "இயல்பு" என்பது என்ன?

இரவில் கை விறைத்து நித்திரை குழம்புகிறது, எழும்பிக் கையை உதறினால்தான் சுகம் என்று எம்மில் பலர் சொல்வதுண்டு. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்குச் செல்லும் நடு நரம்பு மணிக்கட்டில் நெரிபடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இதனைக் கார்ப்பல் ரனல் என்பர். இதை உறுதிசெய்வதற்காக வைத்தியர் எம்மை நரம்புக் கடத்தல் பரிசோதனைக்கு அனுப்புவார்.

மணிக்கட்டில் சிறு மின்தூண்டல் கொடுத்து, பெருவிரலின் அடித்தசை எவ்வளவு நேரத்தில் இயங்குகிறது என்று அளப்பார்கள். வளர்ந்தவர்களில் இது பொதுவாக 4.5 மில்லிசெக்கனுக்குள் இருக்கும். முன்கையில் நரம்பின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 50 மீற்றர் அல்லது அதற்கு மேல் இருக்கும்.

இந்த எல்லைகள் எப்படி வந்தன? நோயற்ற பலரின் கைகளை ஒரே முறையில், ஒரே தூரத்தில் அளந்து, மிக ஓரத்தில் நிற்கும் நூற்றுக்கு 2, 3 பேரை விட்டுவிட்டுக் கோடு போடுகிறார்கள். ஆகவே சுகமானவர் சிலரும் கோட்டுக்கு வெளியே வருவர். நீரிழிவு நரம்பின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், அந்நோய் உள்ளவர்களை இக்கணக்கில் சேர்ப்பதில்லை. வயது கூடினாலும் வேகம் குறையும்.

குளிர்நாட்டில் வாழும் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கையின் வெப்பநிலை. அது ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் வேகம் செக்கனுக்கு சுமார் 2 மீற்றர் குறையும். பனியில் நடந்து வந்த கை 32 பாகைக்குப் பதில் 27 பாகையில் இருந்தால், நல்ல நரம்பும் நோயுற்றதாகத் தெரியலாம். அதை நம்பித் தேவையற்ற சத்திரசிகிச்சைக்குப் போகக் கூடாது அல்லவா?

எனவே பரிசோதனைக்குக் கையுறை அணிந்து செல்வோம். கை குளிர்ந்திருந்தால் சூடாக்கிய பின் அளக்கும்படி கேட்போம். நீரிழிவு, தைரொயிட் நோய், கர்ப்பம் இருந்தால் முன்கூட்டியே சொல்வோம். நடு நரம்பை அதே கையில் சுண்டுவிரலுக்குச் செல்லும் நரம்புடன் ஒப்பிட்டார்களா என்றும் கேட்கலாம். இரண்டுக்கும் வயதும் குளிரும் ஒன்றே என்பதால் அந்த ஒப்பீடு நம்பகமானது.

முடிவு "இயல்பு" என்று வந்தாலும் விறைப்பு நீடித்தால் மீண்டும் வைத்தியரிடம் செல்ல வேண்டும். விறைப்பு நாள் முழுவதும் இருந்தாலோ, பெருவிரலின் அடித்தசை வற்றினாலோ தாமதிக்கக் கூடாது. பரிசோதனை எண் வைத்தியருக்கு ஒரு துணை மட்டுமே. கையில் நாம் உணர்வதையும் அவரிடம் விபரமாகச் சொல்வோம்.