பாஸ்கா மேசையில் உட்காரப்போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ இருக்கிற ஹைஃபா பக்கம் சைரன் ஒலித்தது என்று செய்தியில் சொன்னார்கள். நீ போனை எடுக்கவில்லை. உன் அப்பன் சோற்றைப் பிசைந்தவன் அப்படியே தட்டை ஒதுக்கிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டான். ராத்திரி உன் செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்குள் வந்தான். சரி, அதை விடு. நீ கேட்டதற்கு வருகிறேன்.

நீ பார்த்துக்கொள்கிற யூதப் பாட்டி வீட்டுப் பாஸ்கா விருந்துக்கு உன்னையும் உட்காரச் சொல்கிறார்கள். விடுதலைப் பயணம் 12ஆம் அதிகாரத்தில் அந்நியர் உண்ணக்கூடாது என்று இருக்கிறதே, உட்காரலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாக உட்கார். அந்தக் கட்டளை பலியிட்ட ஆட்டுக்குட்டியைப் பற்றியது. கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் ஆலயத்தை இடித்த பிறகு யூதர்கள் பாஸ்கா ஆட்டைப் பலியிடுவதில்லை. இப்போது தட்டில் வைப்பது வறுத்த எலும்பு ஒன்றுதான், நினைவுக்காக. விருந்தாளி வந்தால் அவர்களுக்குச் சந்தோஷமே.

அதற்கு முன்னால் சமையலறையைக் கவனி. பாட்டி ருமேனியாவிலிருந்து போனவர் என்று சொல்லியிருக்கிறாய். அந்தப் பக்கத்து யூதர்கள் பாஸ்காவின் ஏழு நாளும் புளித்த ரொட்டி மட்டுமல்ல, அரிசி, பருப்புகூடத் தொடுவதில்லை. நான் கட்டிக் கொடுத்த பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருக்கும், அதுவும் ஆகாது. அவர் மகளிடம் கேட்டு, சொல்கிற இடத்தில் வைத்துவிடு. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதர் தொழுகைக்கூடத்தை நீயும் சின்னப் பிள்ளையில் பார்த்திருக்கிறாய். அந்தக் கொச்சி யூதர்கள் பாஸ்காவில் அரிசி சாப்பிடுவார்கள், ஆனால் பல வாரம் முன்னாலிருந்தே ஒவ்வொரு மணியாகப் பார்த்துப் பொறுக்கி வைப்பார்கள். அவ்வளவு பயபக்தியோடு செய்கிற காரியம் இது.

உன் இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. அங்கே நீ போகிற ஜெபக்கூட்டத்துச் சகோதரி, “அந்த மேசையிலேயே எழுந்து இயேசுதான் உண்மையான ஆட்டுக்குட்டி என்று சாட்சி சொல்” என்றாராம். முடிவு உன்னுடையது ஆத்தா, நீ வளர்ந்த பெண். ஆனால் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடு.

நம் விசுவாசம் எனக்கும் தெரியும். நம்முடைய பாஸ்கா பலியாகிய கிறிஸ்து என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். ஆட்டின் எலும்பை முறிக்கக்கூடாது என்ற விதி சிலுவையில் நிறைவேறியதாக யோவான் சொல்கிறார். பெரிய வியாழன் இராவுணவு, நற்கருணை எல்லாம் அந்த வேரிலிருந்து வந்ததுதான். பாஸ்கா திருவிழிப்பில் மற்ற வாசகங்களைக் குறைத்தாலும் செங்கடல் பிரிந்த வாசகத்தை விடக்கூடாது என்பது திருச்சபைச் சட்டம். நமக்கு அது பாவத்திலிருந்தும் சாவிலிருந்தும் கடந்துபோன இரவு.

அவர்களுக்கோ அது எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் வெளியே நடந்த இரவு. வருகிற ஒன்றுக்கு நிழலாக இல்லாமல், தன்னளவில் நிறைந்தது. வீட்டில் இளைய பிள்ளை நாலு கேள்வி கேட்கும். பெரியவர்கள் தாங்களே எகிப்திலிருந்து வந்ததுபோலப் பதில் சொல்வார்கள். கசப்புக் கீரை அடிமைப்பட்டதற்கு, உப்புத் தண்ணீர் கண்ணீருக்கு. பத்து வாதைகளைச் சொல்லும்போது திராட்சை இரசக் கிண்ணத்திலிருந்து ஒவ்வொரு சொட்டாக எடுத்துவிடுவார்கள். எதிரி செத்தாலும் நம் கிண்ணம் குறைய வேண்டும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இதைப் படித்த நாளில் நான் அழுதேன்.

உன் தாத்தா நினைவுக்கு வருகிறார். ரங்கூனில் செட்டியார் கடையில் சமையலுக்கு இருந்தவர், 1942இல் போருக்குத் தப்பித் தமு வழியாக மணிப்பூருக்கு நடந்து வந்த கதையைக் கிறிஸ்துமஸ் ராத்திரி தவறாமல் சொல்வார். அந்த ஆண்டு பிறக்காத நானும் உன் அப்பனும் கூடவே நடந்தோம் என்றுதான் அவர் பேச்சு இருக்கும். அதன் நடுவில் ஒரு விருந்தாளி எழுந்து, “உங்கள் நடையின் உண்மையான அர்த்தம் வேறு” என்று சொன்னால் நாம் என்ன நினைத்திருப்போம்?

இன்னொன்றும் இருக்கிறது. இதைச் சொன்னால் ‘அத்தை ஆரம்பித்துவிட்டாள்’ என்பாய். பரவாயில்லை. நம் ஊர்ப் பக்கம் விடியவிடிய நடக்கிற பாஸ்கா நாடகத்தில் யூதர் என்றால் கறுப்புத் தாடி, உருட்டு விழி, காசு எண்ணுகிற கை. இயேசுவும் மாதாவும் பேதுருவும் மட்டும் யூதரே இல்லாததுபோல வெள்ளை உடுப்பில் வருவார்கள். இதை மாற்றச் சொல்லி நாடகக் குழுவோடு நான் சண்டை போட்டது உனக்குத் தெரியும். ‘காலங்காலமாக இப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள். அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது. பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதரைத் துரோகிகள் என்ற பொருளில் குறித்த சொல்லை 1959இலேயே திருத்தந்தை 23ஆம் அருளப்பர் எடுத்துவிட்டார். இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர் எல்லாரையுமோ இன்றைய யூதரையோ குற்றம் சாட்டக்கூடாது என்று 1965இல் வத்திக்கான் சங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது. நம் மேடைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை.

ஐரோப்பாவில் அது வெறும் நாடகத்தோடு நிற்கவில்லை. யூதர் பாஸ்காவுக்குக் கிறிஸ்தவப் பிள்ளையின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்ற பொய்யைப் பரப்பி, பல நூற்றாண்டுகளாகக் கொன்றார்கள். 1903இல் கிஷினேவ் நகரத்தில் உயிர்ப்பு ஞாயிறன்று தொடங்கிய கலவரத்தில் 49 யூதர்கள் செத்தார்கள். அந்த ஊர் பிறகு ருமேனியாவோடு சேர்ந்தது. அந்தப் பாட்டியின் தாயும் பாட்டியும் நம் பண்டிகை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த ஜனம் ஆத்தா. இன்றைக்கு அவர் கதவைத் திறந்து உன்னைக் கூப்பிடுகிறார். அந்த மேசையில் நீ எழுந்து பேசப்போகிறாயா?

அவராகக் கேட்டால், கூசாமல் உன் விசுவாசத்தைச் சொல். கேட்காத இடத்தில் சொல்லாதே. வேலை போய்விடும் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தப் பயமும் இல்லாமல் இல்லை, ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் நிற்கிறது. ஆனால் அது இரண்டாவது. அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, ராத்திரி கூப்பிட்டால் எழுந்து போகிறாயே, பாதம் கழுவியவர் சொன்ன வேலை அதுதான். அதற்கு மேல் சாட்சி வேண்டும் என்று அந்தச் சகோதரி நினைத்தால் என்னோடு பேசச் சொல்.

ரொம்பத் திட்டிவிட்டேனோ? கோபித்துக்கொள்ளாதே என் தங்கம். நம் குடும்பத்தில் உன்னைப்போல் தைரியமாகக் கடல் தாண்டிப் போனவர் உன் தாத்தாவுக்குப் பிறகு யாருமில்லை. கோயிலில் உன் பேரில் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். மாவுருண்டையும் சீப்புச் சீடையும் செய்து வைத்திருக்கிறேன், அவர்கள் பண்டிகை முடிந்ததும் வருகிற ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். பாட்டிக்கும் ஒரு பங்கு வை, அத்தை கொடுத்தாள் என்று சொல்.

சைரன் கேட்டால் சாமான் எதையும் எடுக்க நிற்காதே. பாட்டியைச் சக்கர நாற்காலியோடு பதுங்கு அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்து. பிறகு எந்த நேரமானாலும் உன் அப்பனுக்கு ஒரு போன் போடு.

உன் அத்தை
காரைக்குடி