முதல் மென்பொருளுக்குப் பழகிய கருவியே பலம்

முதல் இணைய மென்பொருளைக் கட்ட வருபவர்கள் பலர், வாடிக்கையாளர் யார் என்று தெரிவதற்கு முன்பே எந்தப் புதிய தொழில்நுட்பத்தில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களை அலைக்கழிக்கும் ஐந்து நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: பழைய தொழில்நுட்பம் பெருங்கூட்டத்தைத் தாங்காது.

உண்மை: 2010 அக்டோபரில் வெளிவந்த இன்ஸ்டாகிராம், அப்போதே பலரும் பழகியிருந்த பைத்தான் மொழி, ஜாங்கோ, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஆகியவற்றால் கட்டப்பட்டது. 2012 ஏப்ரலில் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு விலைபேசியபோது பயனர்கள் சுமார் 3 கோடி. ஊழியர்கள் 13 பேர். கருவிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் குழுவுக்கு இது எளிதில் கைகூடாது.

நம்பிக்கை 2: தொடக்கத்திலேயே நிரலை மைக்ரோசர்வீஸ்களாக, அதாவது தனித்தனியாக இயங்கும் சிறு சேவைகளாக, பிரித்துவிட வேண்டும்.

உண்மை: ஒரே நிரலுக்குள் முடிந்துவிடும் வேலையை இரண்டு சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால், நெட்வொர்க் தாமதமும் பாதியில் அறுந்துபோகும் அழைப்புகளும் கூடவே வரும். பிழையைத் தேட இரண்டு இடத்து லாக்குகளைப் புரட்ட வேண்டும். அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, வீடியோ தரத்தைக் கண்காணிக்கும் தன் சேவையின் பல துண்டுகளை ஒரே நிரலாக இணைத்தது. அதனால் செலவு 90 சதவீதம் குறைந்ததாக 2023-இல் எழுதியது.

நம்பிக்கை 3: வயதான டேட்டாபேஸ் பின்தங்கியது.

உண்மை: போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேரூன்றியது. அது எங்கே சறுக்கும், எப்படி பேக்கப் எடுப்பது, எப்படி மீட்பது என்பதெல்லாம் இன்று ஊரறிந்த விஷயம். நள்ளிரவில் தளம் முடங்கினால், அதே பிழையை முன்பே சந்தித்த ஒருவர் விடை எழுதி வைத்திருக்க வாய்ப்பு அதிகம். வளர்ச்சியும் நின்றுவிடவில்லை: 2014-இல் ஜேசன் (JSON) தரவுகளைச் சேமித்து, இண்டெக்ஸ் போட்டு வேகமாகத் தேடும் வசதி சேர்ந்தது.

நம்பிக்கை 4: எளிமையாகத் தொடங்கினால் பிறகு மாற்ற முடியாது.

உண்மை: 2006-இல் ரூபி ஆன் ரெயில்ஸில் பிறந்த ட்விட்டர், கூட்டம் பெருகித் திணறிய பிறகு, பாரம் மிகுந்த பகுதிகளை ஒவ்வொன்றாக ஸ்காலாவுக்கும் ஜாவாவுக்கும் மாற்றியது. எந்தப் பகுதி திணறும் என்பது பயனர்கள் வந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன் செய்யும் ஏற்பாடெல்லாம் ஊகம்.

நம்பிக்கை 5: அப்படியானால் புதியது எதையும் தொடக்கூடாது.

உண்மை: தொடலாம், அளவோடு. எட்சி நிறுவனத்தில் பணியாற்றிய டான் மெக்கின்லி 2015-இல் ஒரு கணக்குச் சொன்னார்: புதியதை முயன்று பார்க்க ஒரு நிறுவனத்தின் கையில் சுமார் மூன்று 'புதுமை டோக்கன்களே' உண்டு. லாகினுக்கும் பில்லுக்கும் டேட்டாபேஸுக்கும் அவற்றைச் செலவழித்துவிடாதீர்கள். உங்கள் வாடிக்கையாளருக்கு வேறெங்கும் கிடைக்காத அந்த ஒரு வசதிக்காக வைத்திருங்கள். மற்றதையெல்லாம் உங்களுக்கு நன்றாகக் கைவந்த கருவியில் எழுதி, சீக்கிரம் வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.